மதிலுக்கு வெளியே ஒரு கோல்ஃப்: செம்பூர் கேடிகளும் ஒரு விளையாட்டின் சமூக வரலாறும்

மும்பையின் கிழக்குப் புறநகரான செம்பூரில் இரண்டு கோல்ஃப் ஆட்டங்கள் உள்ளன. ஒன்று, 1927ஆம் ஆண்டு நிறுவப்பட்ட பம்பாய் பிரசிடென்சி கோல்ஃப் கிளப்பின் 18 குழி மைதானத்தில் ஆடப்படுவது. மற்றொன்று, அந்த மைதானத்தில் உறுப்பினர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் தொழிலாளர்கள் தம் குடிசைப் பகுதிகளின் சந்துகளில் ஆடுவது. முன்னதற்கு உறுப்பினர் பதிவேடும், போட்டி அட்டவணையும், வெற்றியாளர் பெயர்ப்பலகையும் உண்டு. பின்னதற்கு வளைத்த கட்டுமானக் கம்பியும் பிளாஸ்டிக் பந்தும் மட்டுமே உண்டு. ஒரு வட்டாரத்தில் கோல்ஃப் ஆடுவோர் பெருகி வருகின்றனர் என்று சொல்லப்படும்போது, இவ்விரண்டில் எது எண்ணப்படுகிறது என்பதே இக்கட்டுரை எழுப்பும் கேள்வி. செம்பூரில் கோல்ஃப் பரவியது கிளப்பின் வாயில் திறந்ததனால் அன்று. வாயிலுக்குள் உழைக்க வந்தவர்கள் ஆட்டத்தைத் தம்மோடு வீட்டுக்கு எடுத்துச் சென்றதனால்தான் என்பது இதன் வாதம்.

கோல்ஃப் பிறவியிலேயே செல்வர் விளையாட்டு என்ற எண்ணம் பரவலாக உள்ளது. வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1457ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் கோல்ஃபையும் கால்பந்தையும் தடைசெய்தது. மக்கள் வில்வித்தைப் பயிற்சியை விட்டுவிட்டு இவற்றில் மூழ்கிக் கிடந்தனர் என்பதே காரணம். ஆடுவோர் தொகை பெரிதாக இருந்தாலன்றி ஓர் அரசு இப்படிச் சட்டம் இயற்றத் தேவையில்லை. கடலோர மணற்புல்வெளிகள் ஊர்ப்பொது நிலமாக இருந்தன. ஆடு மேய்வதும் துணி உலர்வதும் பந்து உருள்வதும் அங்கேயே நிகழ்ந்தன. உலகப் புகழ்பெற்ற செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானம் இன்றளவும் பொதுச் சொத்தே. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கு ஆட்டம் நிறுத்தப்பட்டு, ஊரார் உலாவ விடப்படுவது வழக்கம். இடைக்கால நெதர்லாந்து நகரங்களிலும் இதையொத்த ஓர் ஆட்டம் தெருக்களில் ஆடப்பட்டது. நகர நிர்வாகங்கள் அதைத் தடைசெய்ய முயன்றன.

ஆடுவோர் தொகையை நிலம் மட்டும் தீர்மானிக்கவில்லை. பந்தின் விலையும் தீர்மானித்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பந்து என்பது தோலுறைக்குள் பறவை இறகுகளைத் திணித்துத் தைத்த ஒரு கைவினைப் பொருள். தேர்ந்த கைவினைஞர் ஒருவரும் ஒரு நாளில் சில பந்துகளையே செய்ய முடியும். எனவே அதன் விலை மிகுதி. மழையில் நனைந்தால் அது கெட்டும் போகும். 1848ஐ ஒட்டி, மலாய்த் தீவுக்கூட்டத்து மரங்களின் பாலிலிருந்து பெறப்பட்ட கட்டாபெர்ச்சாவால் ஆன பந்து வந்தது. அதைச் சூடாக்கி அச்சில் இட்டு வார்க்கலாம். உடைந்தால் உருக்கி மறுபடியும் வார்க்கலாம். விலை சரிந்தது, ஆடுவோர் பெருகினர். கருவி மலிவாவதும் ஆட்டம் பரவுவதும் இணைந்தே நிகழும் என்ற இந்தச் செய்தி, செம்பூர்ச் சந்துகளைப் புரிந்துகொள்ளவும் உதவும்.

இந்தியாவுக்குக் கோல்ஃப் வந்தபோது அதன் பொதுநிலப் பண்பு கப்பலேறவில்லை. பிரிட்டனுக்கு வெளியே மிகப் பழமையானதாகக் கருதப்படும் கல்கத்தா கிளப் 1829இல் தொடங்கப்பட்டது. பம்பாய் கிளப் 1842இல். இவ்விரண்டும் இறகுப் பந்துக் காலத்தவை. பின்னர்ப் பெங்களூரு (1876), கொடைக்கானல் (1895) எனப் படைமுகாம் நகரங்களிலும் மலைவாழிடங்களிலும் மைதானங்கள் உருவாயின. ஸ்காட்லாந்தில் ஊர்ப்பொது நிலத்தில் வளர்ந்த ஆட்டம் இங்கு வேலியிட்ட நிலத்தில், உறுப்பினர் தேர்வு என்ற வடிகட்டியோடு அமைந்தது. அந்த வடிகட்டி நெடுங்காலம் நிறத்தின் அடிப்படையிலானது. பம்பாயின் ஆளுநராக இருந்த வில்லிங்டன் பிரபு முதல் உலகப்போரின் இறுதிக் காலத்தில் இந்தியருக்கும் ஐரோப்பியருக்கும் பொதுவாக ஒரு விளையாட்டுக் கிளப்பை நிறுவியது அன்று ஒரு செய்தியாகப் பேசப்பட்டதற்கு இதுவே காரணம். ஆயினும் நிறத்தடை தளர்ந்த இடத்தில் வர்க்கத்தடை நின்றது. இந்தியச் சீமான் உள்ளே வந்தார். அவருடைய பையைச் சுமந்தவர் சுமப்பவராகவே நின்றார்.

இப்பின்னணியில் செம்பூரின் நிலத்தைப் பார்க்க வேண்டும். டிராம்பே முன்பு சால்செட் தீவுக்குக் கிழக்கே தனித்தீவாக இருந்தது. செம்பூர் அதன் வடமேற்கு முனை. குர்லாவிலிருந்து செம்பூருக்கு 1906இல் இடப்பட்ட இருப்புப்பாதை முதலில் நகரத்தின் கழிவைக் கொண்டு செல்லவே பயன்பட்டது. பயணிகள் வண்டி அதில் ஓடத் தொடங்கியது 1924இல்தான். மூன்று ஆண்டுகள் கழித்துக் கோல்ஃப் கிளப் எழுந்தது. விரிந்த நிலம் மலிவாகவும் நகரத்துக்கு எட்டும் தொலைவிலும் கிடைக்கும் புறநகரில்தான் 18 குழிகளை அமைக்க முடியும். கழிவுக்கும் கோல்ஃபுக்கும் ஒரே இருப்புப்பாதையின் ஓரத்தில் இடம் கிடைத்தது தற்செயல் அன்று. நகரத்தின் நடுவே இடமில்லாத யாவும் சென்று சேர்ந்த திசை அது.

விடுதலைக்குப் பின் அத்திசையின் முகம் மாறியது. பிரிவினை அகதிகள் செம்பூரின் முகாம்களில் குடியேறினர். 1950களின் நடுவில் மாகுல் பகுதியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும், டிராம்பேயில் அனல்மின் நிலையமும், அணுசக்தி நிறுவனமும் எழுந்தன. ஆசியாவின் முதல் அணு உலைகளுள் ஒன்றான அப்சரா 1956 ஆகஸ்ட் 4 அன்று இயங்கத் தொடங்கியது. அடுத்த பத்தாண்டில் உரத் தொழிற்சாலை வந்தது. இவற்றைக் கட்டவும், இவற்றில் ஏற்றியிறக்கவும், இங்குக் குடியேறிய அலுவலர் வீடுகளில் பணிசெய்யவும் ஆட்கள் தேவைப்பட்டனர். மராத்தியக் கொங்கணத்திலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் அவர்கள் வந்தனர். மாட்டுங்காவிலிருந்து செம்பூருக்கு நகர்ந்த தமிழ் நடுத்தர வர்க்கத்தின் கதை நன்கு எழுதப்பட்டுள்ளது. அதே தொடர்வண்டியில் வந்து குன்றுச் சரிவிலும் உப்பளச் சேற்றிலும் கூரை வேய்ந்த தமிழரின் கதை அந்த அளவுக்கு எழுதப்படவில்லை.

நிலம் யாருக்கு என்ற கேள்வியில் அவர்களின் நிலை என்ன என்பதை ஜனதா காலனி காட்டியது. மாநகராட்சியே முன்னர்க் குடியமர்த்திய அக்குடியிருப்பு, அணு ஆராய்ச்சி மையத்தின் தேவைக்காக 1976 மே மாதம், நெருக்கடி நிலைக் காலத்தில், காவல்துறைப் பாதுகாப்புடன் அகற்றப்பட்டது. ஏறத்தாழ 70,000 பேர் டிராம்பேயின் சீத்தா கேம்ப்புக்கு மாற்றப்பட்டனர். அதை எதிர்த்துப் பல்லாண்டு போராடியவர் கோலார் தங்கவயலில் பிறந்து 1963இல் பம்பாய் வந்த ஜாக்கின் அற்புதம். தேசியக் குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பு அப்போராட்டத்தின் வழியே உருப்பெற்றது. கோல்ஃப் மைதானத்துக்கும் இந்த வெளியேற்றத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் ஒரே வட்டாரத்தில் ஒரு சிலர் விளையாடும் பசும்பரப்பு நூறாண்டுக்கு நிலைத்து நிற்க, பல்லாயிரவர் குடியிருந்த நிலம் ஓர் ஆணையில் காலியாக்கப்படுவது சாத்தியம் என்ற நில ஒழுங்கு, இனிச் சொல்லப்படும் கதைக்கு அடித்தளம்.

கேடி என்ற சொல்லைத் தமிழில் எழுதுவதிலேயே ஓர் இடர்ப்பாடு உண்டு. காவல்துறைப் பதிவேட்டுச் சுருக்கத்திலிருந்து வந்ததாகக் கூறப்படும் 'கேடி' என்பது நம் பேச்சில் போக்கிரியைக் குறிக்கும். கோல்ஃப் கேடியோ வேறு வேரினர். இளைய மகனைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் ஸ்காட்லாந்துக்குச் சென்று, 18ஆம் நூற்றாண்டு எடின்பரோவில் கடிதமும் சுமையும் செய்தியும் கொண்டோடும் தெருப்பணியாளரின் பெயராயிற்று. பின்னர் மட்டை சுமப்பவரைக் குறித்தது. இரு சொற்களும் தமிழில் ஒரே எழுத்தில் வந்து நிற்பது தற்செயலே. எனினும் கிளப் வாயிலில் நிற்கும் குடிசைப்பகுதி இளைஞனை நகரம் எந்தப் பொருளில் பார்க்கிறது என்று கேட்டால், அந்தத் தற்செயலும் ஏதோ சொல்லத்தான் செய்கிறது.

கேடியின் வேலை சுமப்பது மட்டும் அன்று. பந்து விழுந்த இடத்தைக் கண்டறிய வேண்டும். குழிக்கு எத்தனை கெஜம் என்று கணிக்க வேண்டும். காற்றையும் ஈரத்தையும் எடைபோட்டு எந்த மட்டை உதவும் என்று கூற வேண்டும். குழியைச் சூழ்ந்த குறும்புல்தரையின் சரிவைப் படித்து, பந்து எப்பக்கம் வளையும் என்று சொல்ல வேண்டும். இந்தியக் கிளப்புகளில் 'ஆகேவாலா' எனப்படும் மற்றொருவர் முன்னே சென்று பந்து போகும் திசையைப் பார்த்து நிற்பார். ஒரு சுற்று முடிய நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் ஒரு கேடி பல கிலோமீட்டர் நடந்துவிடுகிறார். இவ்வாறு ஆண்டுக்கணக்கில் நல்ல ஆட்டத்தையும் மோசமான ஆட்டத்தையும் மிக அருகிலிருந்து பார்த்தவரின் கண்ணில் சேர்வது ஓர் உயர்தரக் கல்வி. ஆனால் கூலி நாட்கணக்கில் வருவது. மழைக்காலத்தில் அதுவும் குறைவது. கற்றதை அதே புல்லில் சோதித்துப் பார்க்கும் உரிமை பொதுவாக வழங்கப்படுவதில்லை. மைதானம் மூடியிருக்கும் நாளில் கேடிகளை ஆட விடுவதும், ஆண்டுக்கொருமுறை அவர்களுக்குப் போட்டி நடத்துவதும் உலகெங்கும் உள்ள கிளப் வழக்கங்கள். அவை சலுகை என்ற பெயரில் வருபவை, உரிமையாக அல்ல.

அறிவு இருக்கிறது, களம் இல்லை. இந்த இடைவெளியில்தான் சந்து கோல்ஃப் பிறந்தது. கடந்த இருபது ஆண்டுகளுக்குள் உள்நாட்டு, வெளிநாட்டு ஊடகங்கள் இதைப் படம்பிடித்து 'குடிசைக் கோல்ஃப்' என்று பெயரிட்டன. கருவி எளியது. கட்டடப் பணியில் மிஞ்சும் இரும்புக் கம்பியின் ஒரு முனையை வளைத்துத் தட்டினால் மட்டை. மறுமுனையில் ரப்பரோ துணியோ சுற்றினால் பிடி. பந்து சில ரூபாய்க்குக் கிடைக்கும் பிளாஸ்டிக் பந்து. உண்மையான கோல்ஃப் பந்தை இங்கு அடிக்க இயலாது. அது சன்னலை உடைக்கும், தகரச் சுவரைத் துளைக்கும், ஆளின் மண்டையையும் பதம் பார்க்கும். ஆக, 1848இல் கட்டாபெர்ச்சா ஸ்காட்லாந்தில் செய்ததைப் பிளாஸ்டிக் பந்து செம்பூரில் செய்தது. விலையைத் தாழ்த்தி, ஆட்டத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தது.

பந்து மாறியதால் ஆட்டமும் மாறியது. மைதானத்தில் வலிமைக்கு மதிப்பு உண்டு; முதல் அடியில் இருநூறு, முந்நூறு கெஜம் தாண்டுபவருக்கு நன்மை. ஒரு கை நீட்டினால் இரு சுவரும் தொடும் சந்தில் வலிமைக்குப் பயனில்லை. படிக்கட்டைத் தாண்டும் அளவுக்குப் பந்தை உயர்த்தி, துணிக்கொடிக்குக் கீழே அடக்கி, திறந்த சாக்கடைக்கு இப்பால் நிறுத்த வேண்டும். சுவரில் மோதித் திரும்பும் கோணத்தைக் கணிக்க வேண்டும். தண்ணீர்க் குடத்தோடு எதிரே வருபவருக்காக அடிக்கும் கையை நிறுத்த வேண்டும். மைதானத்தில் மணற்குழியும் நீர்நிலையும் தடையென வடிவமைக்கப்படுகின்றன. இங்கு வாழ்க்கையே தடைகளை அமைத்துத் தருகிறது. இவை குறுந்தொலைவு ஆட்டத்துக்குரிய திறன்கள் என்பதும், தொழில்முறை ஆட்டத்தில் வெற்றியைப் பெரிதும் தீர்மானிப்பவை அவையே என்பதும் கவனிக்கத்தக்கவை. கிட்டிப்புள்ளில் குச்சியால் சிறு பொருளைக் குறிபார்த்து அடித்தும், கோலியைக் குழியில் இட்டும் வளர்ந்த கைகளுக்கு இவ்வசைவுகள் முற்றிலும் புதியவையும் அல்ல.

இதற்கொப்பான கதையை இந்தியக் கிரிக்கெட் வரலாறு அறியும். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த பல்வங்கர் பாலூ, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பூனாவின் ஐரோப்பியர் கிளப்பில் ஆடுகளத்தைப் பராமரிக்கும் பணியாளராக இருந்தார். வலைப்பயிற்சியில் ஆங்கிலேயருக்குப் பந்து வீசுவது அவர் வேலையின் ஒரு பகுதி. மட்டை பிடிக்கும் வாய்ப்பு அவருக்குத் தரப்படவில்லை. அந்த ஊழியமே அவரைத் தலைசிறந்த இடக்கைச் சுழற்பந்து வீச்சாளராக்கியது. 1911ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் அவர் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். விளையாட்டு அடித்தட்டை அடைய ஒரு வழி பள்ளி. மற்றொரு வழி ஊழியம். பாலூவும் செம்பூர்க் கேடியும் இரண்டாம் வழியினர். எதைச் செய்யக் கூலி தரப்பட்டதோ அதில் அவர்கள் தேர்ந்தனர். எது மறுக்கப்பட்டதோ அதைப் பெற வேறிடம் தேடினர்.

உலகக் கோல்ஃபிலும் இவ்வழி புதிதன்று. 1913ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பன் போட்டியில் அந்நாளின் இரு பெரும் ஆங்கில ஆட்டக்காரர்களை வென்ற பிரான்சிஸ் விமெட், போட்டி நடந்த புரூக்லைன் கிளப்பின் எதிர்வீட்டில் வளர்ந்து, அங்கேயே கேடியாக இருந்தவர். ஸ்பெயினின் செவே பாலெஸ்டெரோஸ் ஒற்றை மட்டையோடு கடற்கரை மணலில் கற்றவர். இந்திய ஓப்பன் 1964இல் தொடங்கியது. 1991இல் அதை வென்ற அலி ஷேர், டெல்லி கிளப்பில் கேடியாக இருந்தவர். அப்பட்டத்தைப் பெற்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர். 2009இல் வென்ற பெங்களூருவின் சின்னசாமி முனியப்பாவும் கேடியாகத் தொடங்கியவர். 2016, 2017 ஆகிய இரு ஆண்டுகளிலும் வென்ற சௌரசியா, கல்கத்தா கிளப்பில் புல்தரை பராமரித்தவரின் மகன்.

இப்பட்டியல் பெருமைக்குரியது. ஆனால் அதைக் கொண்டு, திறமை இருந்தால் எவரும் உயரலாம் என்று முடிவு கட்டுவது பிழையாகும். இவ்வெற்றிகள் ஏறத்தாழ எல்லாம், மைதானத்தில் ஏதோ ஒரு வகையில் ஆட வாய்ப்புப் பெற்றவர்களுடையவை. முழுச் செட் மட்டைகள், பயிற்சிப் பந்துகள், போட்டி நுழைவுக் கட்டணம், ஊர் ஊராகப் பயணம், தங்கும் செலவு ஆகியவை சேர்ந்தால் நாட்கூலிக் குடும்பத்தால் தாங்க முடியாது. சில நாள் போட்டிக்குச் செல்வது சில நாள் கூலியை இழப்பது. வென்ற ஒருவரின் பெயரை அறிகிறோம். அவரளவு கண் தேர்ந்தும் பையை இறக்கிவைக்க இயலாத பலரின் பெயர்களை அறியோம். விளையாட்டு வரலாறு வெற்றியாளரின் வாழ்க்கை வரலாறாகச் சுருங்கும்போது, அத்தொழிலாளர் கூட்டம் பின்புலக் காட்சியாகிவிடுகிறது.

மற்றொரு சுருக்கமும் உண்டு. புகைப்பட நூல்களும் காணொளிகளும் சந்து கோல்ஃபை வியப்புப் பொருளாக்குகின்றன. வறுமையின் நடுவே புன்னகை, தகரக்கூரைக்குக் கீழே செல்வர் ஆட்டம் என்னும் முரண்படம் எளிதில் விற்கும். அப்படத்தில் தெரியாதது, ஆடுபவர் காலையில் அதே ஆட்டத்தின் தொழிலாளி என்ற உண்மை. அவர் செல்வரைப் பார்த்து நகல் எடுப்பவர் அல்லர். தாம் நன்கறிந்த ஒரு துறையைத் தமக்குக் கிடைத்த இடத்தில் பயில்பவர். அதே வேளையில் சந்து ஆட்டத்தை இலட்சியப்படுத்தவும் தேவையில்லை. கேடி வேலை பெரும்பாலும் ஆண்களுடையதாக இருப்பதால், அதன் வழியே பரவிய ஆட்டமும் பெரும்பாலும் ஆண்களிடமே தங்கியுள்ளது. ஊழியத்தின் வழியே வரும் சனநாயகம் அந்த ஊழியத்தின் எல்லைகளையும் உடன் கொண்டுவரும்.

பொது மைதானம் என்ற மாற்று வழி இந்தியாவில் தாமதமாகவே வந்தது. நவி மும்பையின் கார்கரில் சிட்கோ நிறுவனம் அமைத்த மைதானம் கட்டணம் செலுத்தும் எவரும் ஆடலாம் என்ற கொள்கையுடையது. அது ஒரு முன்னேற்றமே. ஆயினும் கட்டணம் என்ற சொல்லில் மறுபடியும் ஒரு வாயில் இருக்கிறது. மறுபுறம், கோல்ஃப் நிலம் பொதுப் பயனுக்கு உரியது என்ற குரலும் வலுத்து வருகிறது. சென்னையில் தமிழ்நாடு அரசு 2024 செப்டம்பரில் கிண்டி குதிரைப் பந்தய நிலத்தின் குத்தகையை முடித்து அதைக் கையகப்படுத்தியது. அந்த வளாகத்துக்குள் ஒரு பழைய கோல்ஃப் மைதானமும் இருந்தது. பூங்காவா, குளமா, மைதானமா என்ற அவ்விவாதத்தில், அந்த நிலத்தில் உழைத்துப் பிழைத்த கேடிகளும் புல்வெட்டிகளும் ஒரு தரப்பாக எண்ணப்பட வேண்டியவர்கள். செல்வரின் மைதானத்தை எதிர்ப்போரும் அதை ஆதரிப்போரும் ஒருசேர மறக்கும் தரப்பு அதுவே.

செம்பூரில் இக்கேள்விக்கு ஓர் அவசரம் இருக்கிறது. 1995க்குப் பின் குடிசை மறுவாழ்வுத் திட்டங்களின் கீழ் மும்பையின் சந்துகள் அடுக்குமாடிகளாகி வருகின்றன. கழிப்பறையும் குழாய்நீரும் உள்ள உறுதியான வீடு எவருடைய உரிமையும் ஆகும். சந்து அழிகிறதே என்று அதற்கெதிராக வாதிட எவருக்கும் தகுதியில்லை. ஆனால் மின்தூக்கியும் இருண்ட நடைவழியும் கொண்ட கட்டடத்தில் ஒன்பது குழிகளுக்கு இடமிராது. மைதானத்திலோ மின்வண்டிகளும் தள்ளுவண்டிகளும் பை சுமக்கும் வேலையைக் குறைத்து வருகின்றன. களமும் தொழிலும் ஒருங்கே சுருங்கினால், இந்த ஆட்டம் ஒரு தலைமுறைக்குள் நினைவாகிவிடக் கூடும். அதன் விதிகள், கம்பியை வளைக்கும் முறை, யார் யாருக்குக் கற்பித்தனர் என்ற வரிசை ஆகியவை எழுத்தில் இல்லை. மராத்தியும் இந்தியும் தமிழும் கலந்த அச்சந்துகளின் ஆட்டமொழியும் பதிவாகவில்லை.

ஆகவே இத்துறையில் ஆய்வு மேற்கொள்ளும் மாணவர்கள் தொடங்க வேண்டிய இடம் வெற்றிக்கோப்பை அலமாரி அன்று. கேடிகளின் ஊதியப் பதிவேடுகள், கிளப்புகளின் பணியாளர் விதிகள், வாய்மொழி வரலாறுகள், குடியிருப்பு இடமாற்ற ஆவணங்கள் ஆகியவற்றை ஒன்றாக வைத்துப் படித்தால், டிராம்பேயின் நிலவரலாறும் உழைப்பு வரலாறும் விளையாட்டு வரலாறும் தனித்தனியானவை அல்ல என்பது புலப்படும். உறுப்பினர் தொகையை மட்டும் எண்ணினால், செம்பூரில் கோல்ஃப் ஒரு சிறு கூட்டத்தின் பொழுதுபோக்கு. மட்டை பிடித்த கைகளை எல்லாம் எண்ணினால், அது ஒரு தொழிலாளர் குடியிருப்பின் விளையாட்டு. இரண்டாவது கணக்கை எடுக்கத் தெரிந்தவர்கள் இன்னும் அங்கே உயிரோடு இருக்கின்றனர். அவர்களிடம் கேட்க வேண்டிய காலம் இதுவே.